வண்டி வாத்தியாரான கதை

சென்னை சென்ட்ரலில் இரவு ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறீர்களா? ஒரு கையில் பெட்டி, மறு கையில் செல்போன், கண்கள் ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும். “எஸ்-5 கோச் எங்கே சார்?” என்று கேட்டுக்கொண்டே ஓடும்போது தூணில் ஒரு விளம்பரம்: நீட் கோச்சிங், சேர்க்கை நடைபெறுகிறது. ஒருவழியாக ஏறி உட்கார்ந்தால் எதிர் சீட்டுக்காரரின் போனில் கிரிக்கெட். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் கோச் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெட்டியும் கோச், பாடமும் கோச்சிங், கையைக் கட்டிய மனிதரும் கோச். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களைக் கேட்டால் முழு ரயிலையுமே ‘கோச்சி’ என்பார்கள்.

ஒரே சொல்தான். அது ஹங்கேரியக் கிராமம் ஒன்றில் பிறந்து, தேம்ஸ் ஆற்றங்கரையில் குணம் மாறி, அமெரிக்காவில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிய சிலரின் கையில் ஒரு தொழிலாகவே ஆனது. அப்படி ஓடியவர்களில் சிலர் பிறகு கோச் ஆனார்கள். சிலர் ஓடிக்கொண்டே கோச்சாக இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்காகத்தான் இந்தக் கட்டுரையே. ஆனால் முதலில் வண்டி.

புடாபெஸ்ட்டிலிருந்து மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் கொச் என்றொரு ஊர். புடாவுக்கும் வியன்னாவுக்கும் நடுவே ஓடிய பெருவழியில் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில், மன்னர் மாத்தியாஸ் கோர்வினுஸ் காலத்தில், அந்த ஊரார் கட்டிய வண்டிகள் மற்ற ஊர் வண்டிகளைவிட எடை குறைந்தவை, வேகம் கூடியவை. ‘கொச்சி செக்கேர்’ என்றால் ‘கொச் ஊர் வண்டி’. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனவர் “ரெண்டு காஞ்சிபுரம் எடுத்தோம்” என்று சொல்லும்போது சேலை என்ற சொல் எப்படி விழுந்துவிடுகிறதோ, அப்படியே ‘செக்கேர்’ விழுந்து ‘கொச்சி’ மட்டும் மிஞ்சியது.

16ஆம் நூற்றாண்டில் அந்த வழியே போன ஹெர்பெர்ஸ்டைன் என்ற தூதர் வண்டியின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்தே எழுதிவைத்தார். அவரைப் போன்ற தூதர்களும் வியாபாரிகளும் ஊர் திரும்பியதும் தங்கள் தச்சரிடம் அதே மாதிரி ஒன்று கேட்டார்கள். தச்சர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். வண்டியைக் காப்பியடித்தவர்கள் பெயரையும் விடவில்லை. ஜெர்மனியில் குட்ஷ, பிரான்சில் கோஷ், ஸ்பெயினில் கோச்சே, இங்கிலாந்தில் கோச். ஸ்பெயின்காரர்களுக்கு இன்று கோச்சே என்றால் மோட்டார் கார்.

லண்டனில் இந்த வண்டி எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. அதுவரை லண்டன்வாசிகளை இங்கும் அங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் தேம்ஸ் படகோட்டிகள். அவர்களில் ஜான் டெய்லர் என்பவர் கவிஞரும்கூட; தண்ணீர்க் கவிஞர் என்றே பெயர். கோச்சுகள் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று 1623இல் ஒரு புத்தகமே போட்டுத் திட்டினார். ஆட்டோக்காரர்கள் செல்போன் செயலிகளைத் திட்டுவது நினைவுக்கு வந்தால் தவறில்லை. டெய்லரின் புலம்பலுக்கு வரலாறு பிறகு ஒரு குறும்பான பதில் சொன்னது.

அது நடந்தது இப்படி. 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் தங்களுக்குள் ஒரு கிண்டல் மொழி வைத்திருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு பரீட்சையில் தேற வைக்கும் தனி வாத்தியாரைக் ‘கோச்’ என்றார்கள். நாமாக நடந்து போக வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும், பரீட்சைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவார் என்ற நையாண்டி. அதே 1830இல்தான் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதை திறந்தது. அந்தக் கால ரயில் பெட்டிகள் குதிரைக் கோச்சின் உடலைத் தண்டவாளச் சக்கரத்தின் மேல் தூக்கிவைத்த மாதிரி இருந்ததால் பெட்டிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. சென்ட்ரல் தூண் விளம்பரமும் எஸ்-5 பெட்டியும் பிரிந்த இடம் ஏறக்குறைய அந்த ஆண்டுதான். கேம்பிரிட்ஜில் வில்லியம் ஹாப்கின்ஸ் என்ற கணித கோச் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற 17 பேரை உருவாக்கினார். மேக்ஸ்வெல்லும் கெல்வினும் அவரிடம் படித்தவர்கள். டியூஷன் என்பது நம் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

வண்டியோட்டி வாத்தியாராக இருப்பது நமக்குப் புதிதல்ல. திருவல்லிக்கேணியில் மீசையோடு நிற்கும் பார்த்தசாரதி ஓட்டியதும் வண்டிதான், சொன்னதும் பாடம்தான். ஆனால் ஆக்ஸ்போர்டு பையன்கள் அதை நினைத்துச் சொல்லவில்லை.

1860களின் தொடக்கத்தில் சொல் படிப்பறையிலிருந்து மைதானத்துக்கு இறங்கியது. கல்லூரிகளுக்கு இடையே படகுப் போட்டி சூடு பிடித்திருந்த காலம். துடுப்பு வலிக்கும் மாணவர்களோடு கரையோரப் பாதையில் குதிரை மேல் கூடவே ஓடி, “முதுகை நிமிர்த்து, மூன்றாம் ஆள் பிந்துகிறான்” என்று கத்தியவர் படகுக் கோச். படகோட்டிகளின் சோற்றில் மண் போட்டது கோச் என்று டெய்லர் திட்டி இரண்டரை நூற்றாண்டு ஆவதற்குள், கோச் இல்லாமல் படகு நகராது என்றாகிவிட்டது.

அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டுவது எளிது. அமெரிக்கக் கல்லூரிகள் ஆங்கிலக் கல்லூரிகளை எல்லாவற்றிலும் காப்பியடித்துக்கொண்டிருந்தன. முதலில் படகுப் போட்டி, பிறகு பந்து. 1869 நவம்பர் 6இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் பக்கத்துக்கு 25 பேரை இறக்கி ஆடிய ஆட்டம்தான் அமெரிக்க ஃபுட்பாலின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ரக்பி ஆட்டம் 1874இல் கனடாவின் மெக்கில் மாணவர்கள் மூலம் ஹார்வர்டுக்கு வந்தது. அந்த ரக்பியை வெட்டித் தைத்துத் தனி விளையாட்டாக்கியவர் யேல் மாணவர் வால்டர் கேம்ப். பக்கத்துக்கு 11 பேர், பந்து ஒரு நேரத்தில் ஒரு அணியின் கையில் மட்டும், மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்தை விட்டுக்கொடு. 1880இலும் 1882இலும் அவர் எழுதிய விதிகள் இவை.

கேம்ப் யேலில் ஆடிய இடம் ஹாஃப்பேக். பின்வரிசையில் நின்று பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர். இன்றைய பெயர் ரன்னிங் பேக். நம் கபடியில் பாடிப் போகிறவரைப் போல எதிரணி முழுவதும் இவர் ஒருவரைப் பிடிக்கத்தான் காத்திருக்கும். ஆடி முடித்தபின் அவர் நியூஹேவன் கடிகாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் பகலில் மைதானத்துக்குப் போக முடியவில்லை. 1888இல் யேலின் பயிற்சியாளர் ஆனபோது அவர் மனைவி ஆலிஸ்தான் தினமும் போய்ப் பார்த்தார். யார் தடுமாறினார், யார் சோம்பினார் என்று குறித்துவந்து சொல்வார். கேம்ப் இரவில் ஆட்டக்காரர்களை வீட்டுக்கு அழைத்துத் திருத்துவார். அமெரிக்க ஃபுட்பாலின் முதல் பெரிய கோச்சுக்குக் கண்ணாக இருந்தது அந்த அம்மாள்.

ஆங்கிலக் கனவான்களுக்குக் காசு வாங்கும் கோச் என்றாலே முகம் சுளிக்கும். அமெரிக்கர்களும் கொஞ்ச நாள் முகம் சுளித்துப் பார்த்தார்கள், பிறகு பர்ஸை எடுத்தார்கள். யேலிடம் தோற்றுத் தோற்று வெறுத்துப்போன ஹார்வர்டு 1905இல் தன் பழைய ஃபுல்பேக் (அதுவும் பின்வரிசை ஓட்டக்காரர்தான்) பில் ரீடை, 26 வயதுக்காரரை, ஆண்டுக்கு 7,000 டாலருக்கு அழைத்துவந்தது. எந்தப் பேராசிரியரும் வாங்காத சம்பளம். அந்த ஆண்டே மைதானத்தில் சாவுகள் கூடிப்போக, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றையும் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு எச்சரித்தார். போனவர்களில் கேம்பும் உண்டு, ரீடும் உண்டு. ஓட்டக்காரராக இருந்து கோச் ஆன இருவர், ஓடுவதே ஆபத்தாகிவிட்டது என்ற புகாருக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு பந்தை முன்னால் எறியலாம் என்ற விதி வந்தது.

இனிச் சொல்லப் போவதற்கு ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆட்டம் நடக்கும்போது ஓரத்தில் நிற்கும் கோச் உள்ளே இருப்பவர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. ஆட்டம் மாணவர்களுடையது, மூளையும் அவர்களுடையதாகவே இருக்கட்டும் என்ற எண்ணம். தொழில்முறை லீகான என்எஃப்எல் பெஞ்சிலிருந்து கோச் பேசலாம் என்று அனுமதித்ததே 1944இல்தான். அதுவரை, நேரத்தோடு திட்டத்தை மாற்றிச் சொல்லக்கூடிய ஒரே கோச், தானும் உள்ளே இறங்கி ஆடுகிறவர். ஆகவே ஆரம்பகாலத் தொழில்முறை அணிகள் பலவற்றில் கோச்சின் சட்டையிலும் சேறு இருந்தது.

ஜிம் தோர்ப் அப்படி ஒருவர். அமெரிக்கப் பூர்வகுடி, 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், ஹாஃப்பேக், 1920இல் தொடங்கிய அந்த லீகுக்கு முதல் தலைவர். அவர் ஆடிக்கொண்டே பயிற்சி கொடுத்த அணிகளில் ஒன்று ஊராங் இந்தியன்ஸ். ஓஹையோவின் லாரூ என்ற சிற்றூரில் ஏர்டேல் நாய் வளர்த்து விற்ற வால்டர் லிங்கோ, நாய் வியாபாரத்துக்கு விளம்பரமாக 1922இல் அந்த அணியை வாங்கினார். லீகில் இடம் பிடிக்க 100 டாலர். அவர் விற்ற நாய் ஒன்றின் விலை 150. ஆட்டக்காரர் அனைவரும் பூர்வகுடிகள், இடைவேளையில் நாய்களின் வித்தை. இரண்டே ஆண்டில் கடை மூடப்பட்டது. அடுத்து க்ரீன் பே. அங்கே ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்த கர்லி லாம்போ என்ற இன்னொரு ஹாஃப்பேக், தான் வேலை பார்த்த இறைச்சி டப்பா கம்பெனியிடம் சட்டை வாங்க 500 டாலர் பெற்று 1919இல் அணி தொடங்கினார். பாக்கர்ஸ் என்ற அணிப் பெயரில் மட்டும் இன்றும் அந்தக் கம்பெனி இருக்கிறது, டப்பாக்கள்தான் இல்லை.

மூன்றாமவர் ஃபிரிட்ஸ் பொல்லார்ட்.

1894இல் சிகாகோவில் பிறந்தவர். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸின் பெயரைத்தான் பெற்றோர் வைத்தார்கள். குடியிருந்த தெருவில் ஜெர்மன் பேசுவோர் அதிகம், அவர்கள் வாயில் அது ஃபிரிட்ஸ் ஆயிற்று. அப்பா முடிதிருத்துபவர். ஐந்தடி ஒன்பது அங்குலம், 75 கிலோ; இந்த ஆட்டத்துக்கு ஒல்லி உடம்பு. ஓடும்போது பிடிபட்டுக் கீழே விழுந்ததும், விசில் ஊதிய பிறகும், மேலே விழுந்து நசுக்க நாலைந்து பேர் வருவார்கள். கறுப்பர் என்பதால் இவருக்கு அது கூடுதலாகவே நடக்கும். ஆகவே ஒரு தற்காப்பு வைத்திருந்தார். விழுந்த கணமே மல்லாக்கப் புரண்டு, ஆணி அடித்த பூட்ஸ் கால்கள் இரண்டையும் சைக்கிள் மிதிப்பதுபோல வானத்தில் சுழற்றுவார். மேலே விழ வந்தவர்கள் யோசித்தார்கள்.

பிரவுன் பல்கலைக்கழக விடுதியில் சக மாணவர்களின் சூட்டுகளை இஸ்திரி போட்டுச் செலவுக்குச் சம்பாதித்தார். 1916 ஜனவரி 1இல் ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் இறங்கிய முதல் கறுப்பர் ஆனார். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த பதினொருவர் பட்டியலில் அவரை ஹாஃப்பேக்காகச் சேர்த்தவர் வேறு யாருமல்ல, கடிகாரக் கம்பெனி வால்டர் கேம்ப்.

பிறகு அக்ரான். குட்இயர், ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலைகள் புகை கக்கும் ஓஹையோவின் டயர் நகரம். வண்டியில் தொடங்கிய சொல் சக்கரம் செய்யும் ஊருக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான், எனக்குப் பிடித்த தற்செயல். 1920இல் அக்ரான் ப்ரோஸ் ஒரு ஆட்டமும் தோற்காமல் லீகின் முதல் பட்டத்தை வென்றது, பொல்லார்ட் அதன் ஓட்டக்காரர். ஆனால் அணியின் உடைமாற்றும் அறைக்குள் அவருக்கு இடமில்லை. உரிமையாளர்களில் ஒருவரான ஃபிராங்க் நீடின் சுருட்டு வியாபாரம் நடந்த இடத்தில் உடை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். அந்த அணிக்குத்தான் அடுத்த ஆண்டு, 1921இல், எல்ஜி டோபினோடு சேர்ந்து பயிற்சியாளர் ஆனார். என்எஃப்எல் வரலாற்றில் முதல் கறுப்பினப் பயிற்சியாளர். உள்ளே ஓடிக்கொண்டிருந்தவர் என்பதால் ஓரத்திலிருந்து பேசக் கூடாது என்ற விதி அவரைத் தொடவில்லை. அவர் சொன்ன ஆட்டத்தை வெள்ளை ஆட்டக்காரர்கள் ஆடினார்கள்.

அந்த ஆண்டு அக்ரானில் அவரோடு ஆடியவர்களில் ஒருவர் கொலம்பியாவில் சட்டம் படித்துக்கொண்டு, வார இறுதியில் ரயிலேறி வந்து ஆடிய பால் ரோப்சன். ஆமாம், பின்னாளில் பாடகராக உலகமே கேட்ட அந்தக் கனத்த குரலுக்குச் சொந்தக்காரர். 1922இல் இருவரும் மில்வாக்கி அணிக்குப் போனார்கள். அங்கே தோர்பின் நாய்க்கடை அணியோடு நடந்த ஆட்டத்தை மில்வாக்கி 13–0 என்று வென்றது; பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொடும் டச்டவுன் இரண்டையும் போட்டவர் ரோப்சன்.

பொல்லார்ட் 1925இல் ஹாமண்ட் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். 1926க்குப் பிறகு லீகில் அவர் இல்லை. 1934 முதல் 1945 வரை அந்த லீகில் ஒரு கறுப்பு ஆட்டக்காரர்கூட இல்லை. விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. உரிமையாளர்கள் யாரையும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பொல்லார்ட் சும்மா இருக்கவில்லை. சிகாகோவில் பிளாக் ஹாக்ஸ் என்று கறுப்பர் அணி ஒன்றை நடத்தினார். பிறகு நியூயார்க்கின் ஹார்லெமில் பிரவுன் பாம்பர்ஸ். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் பட்டப்பெயர் அது. பத்திரிகை நடத்தினார், கலைஞர்களுக்கு வாய்ப்பு பிடித்துத் தரும் ஏஜென்டாக இருந்தார். மகன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், ஹிட்லரின் ஊரில், தடை ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார்.

1946இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் கென்னி வாஷிங்டனை எடுத்ததும் கறுப்பு ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது. பொதுப் பணத்தில் கட்டிய மைதானத்தில் ஆட வேண்டுமானால் எல்லோரையும் சேர்த்துக்கொள் என்று அந்த ஊர்க்காரர்கள் நெருக்கியதால்தான் அதுவும். ஆனால் ஆட்டக்காரருக்குத் திறந்த கதவு கோச்சுக்குத் திறக்கவில்லை. இதில் 1944 விதிமாற்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. கோச் மைதானத்தைவிட்டு வெளியே வந்து கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டதும் அது அலுவலக வேலையாகிவிட்டது, கால் வேகத்தைக் காட்டி யாரும் அந்த நாற்காலியைப் பிடிக்க முடியவில்லை. 1956இல் க்ளீவ்லாண்ட் கோச் பால் பிரவுன், பந்தைக் கையாளும் ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துப் பேசிப் பார்த்தார். லீக் உடனே தடுத்தது, 1994இல் தானே அனுமதித்தது. இன்று கோச்சின் குரல் ஆட்டக்காரரின் காதுக்குள்ளேயே கேட்கிறது. பேசவே கூடாது என்பதிலிருந்து இங்கே வந்திருக்கிறார்கள்.

பொல்லார்டுக்கு அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் ஷெல், ஆண்டு 1989. நடுவே 60 ஆண்டுக்கு மேல். பொல்லார்ட் அதைப் பார்க்கவில்லை. 1986இல், 92ஆம் வயதில் காலமானார். 2003இல் என்எஃப்எல் கோச்சுகளின் நியமனத்தைக் கண்காணிக்கத் தொடங்கிய அமைப்பு அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. புகழ் மண்டபத்தில் அவர் சிலை ஏறியது 2005இல்.

ஆடிக்கொண்டே கோச்சாக இருந்த கடைசிச் சிலரில் டான் ரீவ்ஸைச் சொல்லாமல் விடக் கூடாது. எந்த அணியும் தேர்வில் எடுக்காததால் 1965இல் டல்லஸில் வாய்ப்புக் கேட்டு வந்து சேர்ந்தவர், அங்கே ரன்னிங் பேக் ஆனார். 1967 டிசம்பர் 31, க்ரீன் பேயில் லாம்போவின் பெயரைச் சூட்டிய மைதானம், மூக்கு உறையும் குளிர். ஓடுவதுபோல் பாவனை காட்டிவிட்டு நின்று, 50 கெஜம் பந்தை எறிந்து டச்டவுன் ஆக்கினார். 1970இல் டல்லஸின் தலைமைக் கோச் டாம் லாண்ட்ரி அவரை ஆட்டக்காரரும் கோச்சுமாக ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டார். பின்னால் கோச்சாக டென்வரை மூன்று முறை லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை கொண்டுபோய் மூன்றிலும் தோற்றார். 1998 டிசம்பரில், அட்லாண்டாவின் கோச்சாக இருந்தபோது, இதயத்தில் நான்கு பைபாஸ். சில வாரங்களில் எழுந்துவந்து அந்த அணியையும் சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். அங்கே எதிரில் நின்றது அவருடைய பழைய டென்வர். மறுபடியும் தோல்வி. கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர் கோச் என்றால், ரீவ்ஸ் நான்கு முறை வாசல்வரை கொண்டுபோய்விட்டவர்.

ஹங்கேரியில் இன்றும் ‘கொச்சி’ என்ற சொல் உண்டு. கார் என்றும் ரயில் பெட்டி என்றும் பொருள். விளையாட்டுப் பயிற்சியாளரை அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர் ‘எட்ஸோ’, எஃகைப் பதமேற்றுபவர். வாழ்க்கையிலும் தொழிலிலும் முன்னேற வழி சொல்கிறேன் என்று கட்டணம் வாங்குகிற புதுவகை ஆலோசகர்களுக்கு மட்டும் ‘கோச்’ என்றே பெயர். அதை ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் எழுதுகிறார்கள்.